இரண்டு தட்டு

ஒரு காலத்தில், திருச்செங்கோட்டிலிருந்து சங்ககிரி போகும் சாலையோரப் பட்டறை ஒன்றுக்கு ஒரு டபுள் கேபின் பிக்கப் வண்டி வந்து சேர்ந்தது. வந்து சேர்ந்தது என்று மரியாதைக்குச் சொல்கிறோம். உண்மையில் ஒரு லாரி அதைக் கயிறு கட்டி இழுத்து வந்து, முற்றத்தில் விட்டுவிட்டுப் போனது.

முன்னால் இரண்டு கதவு, பின்னால் இரண்டு கதவு. உள்ளே இரண்டு வரிசை இருக்கை, அதற்குப் பின்னால் சாமான் ஏற்றும் திறந்த தொட்டி. இருபத்தாறு வருஷம், ஆழ்குழாய்க் கிணற்றுக்குப் போர் போடும் ரிக் லாரிக்குப் பின்னாலேயே ஓடிய வண்டி அது. ஆட்கள், அரிசி மூட்டை, அடுப்பு, பாய் எல்லாம் இதில்தான் போகும். ஆந்திரா, மராட்டியம், ராஜஸ்தான் என்று எங்கெல்லாம் தண்ணீர் இல்லையோ அங்கெல்லாம் போய் நின்றிருக்கிறது. திருச்செங்கோட்டு வண்டி வந்திருக்கிறது என்றாலே ஊரே வேடிக்கை பார்க்கக் கூடும். அந்தத் திமிர் துருப்பிடித்த பிறகும் அதற்குக் குறையவில்லை.

பழைய இரும்புக் கடையில் கிடந்த அதைத் தேடிப் பிடித்து வாங்கியவர் சென்னியப்பன். இன்று ஏழு ரிக்குக்கு முதலாளி. ஆனால் அன்று இதே வண்டியின் பின் வரிசையில், முட்டி இடிக்க உட்கார்ந்து ஊர் ஊராகப் போன கூலியாள்.

"நம்ம பொழப்பு ஆரம்பிச்ச வண்டி இது, அர்த்தநாரி" என்றார் பட்டறைக்காரரிடம். "ரோட்டுல போனா நாலு பேரு நின்னு பாக்கோணும். செலவப் பத்திக் கவலப்படாதீங்க."

அர்த்தநாரி டிங்கர் வேலையில் பெயர் எடுத்தவர். அவர் தட்டி நிமிர்த்திய தகட்டில் முகம் பார்த்துச் சவரம் செய்துகொள்ளலாம் என்று அந்தச் சாலையில் சொல்வார்கள்.

வேலை மும்முரமாக நடந்தது. பழைய இன்ஜின் கழன்று போய்ப் புது இன்ஜின் வந்தது. சிறுவன் கூடத் திருப்பலாம் என்கிற மாதிரி ஸ்டீயரிங் வந்தது. புது பிரேக், குளிர்சாதனம், மெத்தை வைத்த இருக்கை என்று ஒவ்வொன்றாக வந்து இறங்கின. வந்தது ஒவ்வொன்றும் தன்னால்தான் இந்த வண்டிக்கு மவுசு என்று நினைத்துக்கொண்டது.

"எனக்குள்ளே நூற்றிருபது குதிரை" என்றது புது இன்ஜின்.

"அத்தனை குதிரையையும் நிறுத்தப்போவது யாராம்?" என்றது பிரேக்.

இந்தச் சண்டையில் கலந்துகொள்ளாமல் இருந்தது ஒன்றே ஒன்று. இடது பக்கப் பின்கதவு.

அதன் அடிப்பகுதி துருவில் அரித்துப் போயிருந்தது. ஜன்னலுக்குக் கீழே, வெளிப்பக்கம், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு குழி. டப்பாவுக்குள்ளிருந்து பட்டி அதை எட்டிப் பார்த்தது. தகட்டின் மேடு பள்ளத்தை நிரவுகிற பூச்சுதான் பட்டி. அதற்கு எப்போதும் வாய் இனிப்பு.

"அண்ணே, ஒரே ஒரு பூச்சு. குழி இருந்த தடமே தெரியாமல் ஆக்கிவிடுகிறேன்."

"வேண்டாம் தம்பி" என்றது பின்கதவு. "இது இடித்து விழுந்த குழி இல்லை. அஞ்சு பேர் கை வைத்த இடம்."

"கை வைத்தாலா குழி விழும்?"

"இருபத்தாறு வருஷம் வைத்தால் விழும்."

பின்கதவு சொன்ன கதை இதுதான். ஆட்கள் ஏறுவதும் இறங்குவதும் இந்தக் கதவு வழியாகத்தான். கடைசியாக ஏறுகிறவன் கதவைச் சாத்திவிட்டு, ஜன்னல் வழியாகக் கையை வெளியே விட்டு, தகட்டில் இரண்டு தட்டு தட்டுவான். எல்லாரும் ஏறியாயிற்று, போகலாம் என்று அதற்கு அர்த்தம். டிரைவர் பொங்கியண்ணன் திரும்பிப் பார்க்க மாட்டார், பெயர் சொல்லி எண்ண மாட்டார். அந்த இரண்டு தட்டு காதில் விழுந்தால்தான் கியரில் கை வைப்பார். ராஜஸ்தானில் ஒருமுறை சமையல்காரர் புதர்ப்பக்கம் ஒதுங்கப் போனவர், அங்கேயே சாய்ந்து தூங்கிப்போனார். முக்கால் மணி நேரம் வெயிலில் வண்டி நின்றது. அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து ஏறி, இரண்டு தட்டு தட்டிய பிறகுதான் கிளம்பியது.

"இருபத்தாறு வருஷத்தில் ஒரு ஆளைக்கூட விட்டுவிட்டு வந்ததில்லை" என்றது பின்கதவு. அதைச் சொல்லும்போது அதன் கீல்கூட நிமிர்ந்துகொண்டது.

அது நிமிர்ந்து மூன்று நாள்கூட ஆகவில்லை. சென்னியப்பன் வேறொரு வண்டியிலிருந்து கழற்றிய கதவு ஒன்றை எங்கிருந்தோ வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"அடியில ஒட்டுப் போட்டா இதே நிக்குமுங்க" என்றார் அர்த்தநாரி.

"ஒட்டுப்போட்ட கதவு எதுக்கு? கழட்டிப் போடுங்க. நாளைக்கு இரும்புக்காரன் வருவான், தூக்கிக் கொடுத்துருங்க."

முன் இருக்கையில் உட்கார ஆரம்பித்து அவருக்கு வெகுநாள் ஆகிவிட்டது. பின்கதவின் பழக்கம் கைக்கு மறந்துபோயிருந்தது.

பழைய கதவைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்தார்கள். புதுக் கதவு அதன் இடத்தில் ஏறியது. சத்தம் வராமல் இருக்க உள்ளே பஞ்சு அடைத்திருந்தது. விரலால் தொட்டால் மூடிக்கொண்டது.

"என் மேல் ஒரு கீறல் காட்டு பார்க்கலாம்" என்றது புதுக் கதவு.

"எத்தனை ஊர் போயிருக்கிறாய்?" என்று கேட்டது பழைய கதவு.

"ஊரா? பத்து வருஷமாக ஒரே கொட்டகையில், போர்வைக்குள்ளே அல்லவா இருந்தேன்!"

"அப்படியா? பிறகு கீறல் எங்கிருந்து விழும்?"

புதுக் கதவுக்கு முகம் சுண்டிவிட்டது. ஆனால் கேலி பேசி என்ன பயன்? நாளைக் காலை தராசில் ஏறப்போவது எது என்று பழைய கதவுக்குத் தெரியும்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. இரும்புக்காரன் வருவதற்கு முன்பே பூஜை வைத்துவிட்டார்கள். வண்டிக்குப் பொட்டு, மாலை, நான்கு சக்கரத்துக்கும் கீழே நான்கு எலுமிச்சம்பழம். பழைய ஆட்கள் வேட்டி சட்டையில் வந்திருந்தார்கள். பொங்கியண்ணன் சக்கரத்தைத் தொட்டுக் கும்பிட்டு ஓட்டுநர் இருக்கையில் ஏறினார். சென்னியப்பன், என்ன தோன்றியதோ, இன்று பழைய இடத்தில்தான் உட்காருவேன் என்று பின் வரிசையில் ஏறிப் புதுக் கதவைச் சாத்தினார். இன்ஜின் உறுமியது.

அந்த உறுமலில் பின்சக்கரத்துக்கு வைத்த எலுமிச்சம்பழம் ஒன்று உருண்டு வண்டிக்கு அடியில் போய்விட்டது. பழம் நசுங்காமல் வண்டி கிளம்பினால் நன்றாகவா இருக்கும்? அர்த்தநாரிக்கு மனசு கேட்கவில்லை. சட்டென்று குனிந்து அதை எடுக்க அடியில் ஊர்ந்தார். கூட்டம் கற்பூரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் போனதை ஒருவரும் கவனிக்கவில்லை.

சுவரோரம் சாய்ந்திருந்த பழைய கதவு பார்த்துவிட்டது. அதற்கு உயிரே போய்விட்டது.

மேலே பலகை விளிம்பில் அர்த்தநாரியின் சுத்தியல் கிடந்தது. அதுவும் பார்த்தது.

"நான் உன் மேல் விழட்டுமா?" என்றது சுத்தியல் அவசரமாக. "ஒரு சத்தம் போதும், எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். உன்னையும் பார்ப்பார்கள். உனக்கும் இதை விட்டால் வேறு நேரம் கிடையாது."

"விழாதே!" என்றது கதவு. "நீ ஒருதரத்தோடு நிற்க மாட்டாய். விழுந்து, துள்ளி, மறுபடி விழுவாய். அது இரண்டு தட்டு. இரண்டு தட்டு கேட்டால் பொங்கியண்ணன் எடுத்துவிடுவார்."

"சும்மா இருந்தாலும் எடுத்துவிடுவாரே?"

"எடுக்க மாட்டார். நான் சொல்லாமல் அவர் எடுத்ததில்லை."

"நீதான் இப்போது வண்டியிலேயே இல்லையே!"

கதவு பயந்தது, நன்றாகவே பயந்தது. ஆனாலும் மூச்சுவிடாமல் நின்றது. சுத்தியலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கிடந்தது.

"எடுங்க பொங்கியண்ணா, நல்ல நேரம் போகுது" என்றார் சென்னியப்பன்.

வண்டி நகரவில்லை.

"என்னங்க யோசனை?"

"தட்டு விழுகலீங்களே" என்றார் பொங்கியண்ணன்.

எல்லாரும் சிரித்தார்கள். சென்னியப்பனும் சிரித்துக்கொண்டே உள்பக்கமிருந்தே கதவை இரண்டு தட்டு தட்டினார். பொத், பொத் என்றது புதுக் கதவு. தலையணையைத் தட்டியது போல இருந்தது. யார் தட்டினார்கள், எதற்குத் தட்டினார்கள் என்று அதற்கு ஒன்றும் தெரியாது.

"இது அந்தத் தட்டு இல்லீங்க" என்றார் பொங்கியண்ணன். "ஏனோ தெரியல, ஆளு ஒண்ணு ஏறாத மாதிரியே இருக்குது. ஒரு நிமிசம் பாத்துட்டு வந்தர்றனுங்க."

இன்ஜினை நிறுத்தினார். இறங்கி வண்டியைச் சுற்றி வந்தார். பின்சக்கரத்தின் பக்கத்தில் இரண்டு பாதம் தெரிந்தது.

"அடப்பாவி, அர்த்தநாரி!"

அர்த்தநாரி கையில் எலுமிச்சம்பழத்தோடு ஊர்ந்து வெளியே வந்தார். கூட்டத்தில் சிரிப்பு நின்றுபோயிற்று. கற்பூரம் மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

சென்னியப்பன் இறங்கினார். பிடித்துக்கொள்ள எதையோ தேடி நடந்து சுவரோரம் வந்தார். கை தானாகப் போய்ப் பழைய கதவின் குழியில் உட்கார்ந்தது. அளவெடுத்த மாதிரி பொருந்தியது.

கொஞ்ச நேரம் கையை எடுக்கவே இல்லை. இருபத்தைந்து வயதில் எத்தனை விடியற்காலை, எத்தனை ஊர் எல்லையில், இந்த இடத்தில் தட்டியிருக்கிறார்! மறந்துபோனோமே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது.

"அர்த்தநாரி, இத மாட்டுங்க" என்றார்.

"அடிக்கு ஒட்டுப் போட்டுட்டு, குழிய மட்டும் நிமித்திரட்டுங்களா?"

"கை வெச்ச எடத்துல சுத்தியல் வெச்சீங்கன்னா எனக்குக் கெட்ட கோவம் வரும்."

அன்றைக்குப் பூஜையைத் தள்ளிப்போட்டார்கள். இரும்புக்காரன் தராசோடு வந்தவன் வெறுங்கையோடு போனான். அர்த்தநாரி தன் ஆயுசிலேயே சிறந்த ஒட்டை அந்தக் கதவுக்குப் போட்டார். தேடினாலும் மூட்டு கண்ணுக்கு அகப்படாது. பட்டி தன் டப்பாவுக்குள்ளேயே இருந்தது. பச்சை பெயின்ட் குழிக்குள் இறங்கும்போது கேட்டது: "இங்கே நான் எப்படி நிற்க வேண்டும்?"

"எப்படி இருக்கிறதோ அப்படியே நில்" என்றது கதவு.

அடுத்த மாதம் கோயம்புத்தூரில் பழைய வண்டிகளின் கண்காட்சி. மைதானத்தில் எத்தனையோ வண்டிகள் பளபளத்தன. ஆனால் கூட்டம் நின்று பார்த்தது அந்தப் பச்சை டபுள் கேபினைத்தான். மூடியைத் திறந்து இன்ஜினைக் காட்டினார்கள், அது அடக்கமாக உறுமியது. ஓட்டுநர் இருக்கையில் பொங்கியண்ணன் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார். பழைய ஆட்கள் நான்கு பேரும் உள்ளே ஏறி அவரவர் பழைய இடத்தைப் பிடித்துக்கொண்டார்கள்.

மதிப்பெண் போடுகிறவர் கையில் அட்டையோடு வண்டியைச் சுற்றி வந்தார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். இடது பக்கப் பின்கதவருகே வந்ததும் நின்றார்.

"அருமையான வேலைங்க. இத்தனை செஞ்சவங்க இந்த ஒரு குழியை எப்படி விட்டீங்க? இதுக்கு மார்க் குறையுமே?"

அர்த்தநாரி மீசையைத் தடவிக்கொண்டார். சென்னியப்பன் மார்பை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்: "கொறச்சுக்குங்க. ஆனா கைய வெச்சு ரெண்டு தட்டு தட்டிப் பாத்துட்டுக் கொறச்சுக்குங்க."

மதிப்பெண் போடுகிறவர் குழியில் உள்ளங்கையை வைத்தார். ஒரு தட்டு. இரண்டாவது தட்டு. மைதானத்தின் அந்தக் கோடிவரை கணீரென்று கேட்டது.

அந்தக் கணமே இன்ஜின் உயிர் பெற்றது. பொங்கியண்ணனின் கை கியருக்குப் போயிற்று. போன கை அங்கேயே நின்றது. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, வெளியே அட்டையோடு நின்றவரைப் பார்த்துச் சத்தம் போட்டார்:

"தட்டிப்போட்டுக் கீழயே நின்னுட்டிருந்தா எப்படீங்க? ஏறுங்க! ஆள உட்டுட்டுப் போற வண்டி இல்லீங்க இது!"