புளி போட்டு விளக்கிய எடைக்கல்

பத்து வருடத்துக்கு ஒருமுறை ஏழு துறைமுகங்களும் சேர்ந்து ஒரே ஒரு பித்தளை எடைக்கல்லைக் கப்பலேற்றிச் சுற்றவிடும். ஒவ்வொரு துறையும் அதைத் தன் தராசில் எடை போட்டு, கண்டதை எழுதி உறையிலிட்டு ஒட்டிவிட வேண்டும். கடைசியில் ஏழு உறைகளையும் ஒன்றாகப் பிரித்து, யாருடைய முத்திரையை நம்பலாம் என்று அவரவர் முடிவு செய்வார்கள். நம்பிய முத்திரை விழுந்த மூட்டையை எந்தக் கரையிலும் பிரித்து மறு எடை பார்ப்பதில்லை.

போன சுற்றில் பொன்னுரங்கத்தின் துறையை யாரும் நம்பவில்லை.

பொன்னுரங்கம் இருபது வருடம் மூட்டை தூக்கியவர். மறு எடைக்காக அக்கரையில் பிரித்துப் போட்ட ஏலக்காயில் உப்புக்காற்று ஏறி வாசனை போவதைப் பார்த்து வயிறெரிந்து, ஐம்பது வயதில், துறைத் தராசைப் பார்த்துக்கொள்ளும் மாசிலாமணியிடம் எடை வித்தை கற்க வந்து சேர்ந்தார். ஆசிரியைக்கு அவரைவிடப் பத்து வயது குறைவு.

இந்த முறை ஐந்தாவதாகக் கல் இவர்களிடம் வந்தது. பச்சையேறி மங்கிக் கிடந்தது. பொன்னுரங்கம் காலையில் எடை போட்டார். வந்த விருந்தாளியை அழுக்கோடு அனுப்புவதா என்று, புளி போட்டுத் தேய்த்து விளக்கினார். கை சும்மா இராமல் மறுபடி தராசில் வைத்தார்.

அரைக் குன்றிமணி குறைந்திருந்தது.

"என்ன அண்ணாச்சி, கல்லுக்குக் கல்யாணமா?" என்றபடி மாசிலாமணி வந்தாள்.

அவர் நடந்ததைச் சொன்னார். பிறகு, "காலையில கண்டதை மட்டும் எழுதிடறேம்மா. அது பொய்யில்லையே. முந்தின நாலு துறையோடயும் ஒத்துப்போகும்" என்றார்.

"அடுத்த ரெண்டு துறை?"

"அவங்க தராசு தப்புன்னு ஆகும்."

"அப்படி ஆனா என்ன ஆகும்?"

"அவங்க மூட்டையைப் பிரிப்பாங்க." குரல் இறங்கியது. உடனே நிமிர்ந்தார். "உள்ளதைச் சொன்னா நம்ம மூட்டையைப் பிரிப்பாங்கம்மா. எடைக்கல்லைக் குத்துவிளக்குன்னு நினைச்ச ஆளுங்கன்னு சிரிப்பாங்க. இன்னும் பத்து வருஷம் என்னால பார்த்துட்டு இருக்க முடியாது."

மாசிலாமணி ஜன்னலைக் காட்டினாள். "அங்க இறங்குற மூட்டை யாரோடது?"

"வெண்துறைக்காரங்களோடது."

"பிரிச்சுப் பார்த்தீங்களா?"

"வெண்துறை முத்திரையை நாம பிரிக்கிறதே இல்லையே! அவங்க தராசு அவ்வளவு சுத்தமாச்சே."

அவள் பெட்டியைத் திறந்து ஒரு பழைய கடிதத்தை எடுத்து நீட்டினாள். போன சுற்றில் கல்லோடு கூடவே வந்தது. பொன்னுரங்கம் எழுத்துக் கூட்டிப் படித்தார்.

'எங்கள் ஆள் கல்லைப் படிக்கட்டில் போட்டுவிட்டார். விளிம்பில் ஒரு துணுக்கு தெறித்துவிட்டது. விழுவதற்கு முன் இருந்த எடையும் விழுந்தபின் உள்ள எடையும் கீழே உள்ளன. தவறு எங்களுடையது.'

அவர் தலை தூக்கினார்.

"வெண்துறைத் தராசை நான் கண்ணால பார்த்ததே இல்ல, அண்ணாச்சி" என்றாள் மாசிலாமணி. "இந்தக் கடுதாசியைத்தான் பார்த்தேன்."

பொன்னுரங்கம் விரலில் இருந்த புளிக்கறையைத் துடைக்காமலே பேனாவை எடுத்தார்.