கோமதிநாயகத்துக்குக் கிடைத்த முகம்

சங்கரன்கோவில் வட்டாரத்தில் கோமதிநாயகத்தின் கேமரா இல்லாமல் ஒரு தாலி ஏறியதில்லை. எவ்வளவு வெட்கப்படும் மணப்பெண்ணாக இருந்தாலும், நாக்கை மேலண்ணத்தில் தட்டி 'ட்ளக்' என்று ஒரு சத்தம் கொடுப்பார். அவள் நிமிர்வாள். அந்த நொடியில் படம் எடுத்துவிடுவார்.

ஸ்டுடியோவை மகளிடம் விட்டுவிட்டு, காட்டு மிருகங்களைப் படம் பிடிக்கக் கிளம்பியபோது அவருக்கு ஐம்பத்தாறு வயது. குருவாக வாய்த்த ஜெசிந்தாவோ அவரைவிட ரொம்பச் சின்னவள்.

அவள் வீட்டுச் சுவரில் தொங்கிய படங்களைப் பார்த்துத்தான் மனிதர் சொக்கிப்போனார். ஓடைத் தண்ணீரை முகரும் புலி. எலியின்மேல் கண் வைத்த ஆந்தை. குட்டியை நக்கிக்கொடுக்கும் கரடி. எல்லாவற்றிலும் முகம் உயிரோடு இருந்தது. அவருக்கு இதுவரை கிடைத்ததெல்லாம் முதுகும் வாலும்தான்.

"ஒளிக்காமச் சொல்லுங்க மேடம். உங்களுக்கு மட்டும் எப்படி முகத்தக் காட்டுது?"

"நாளைக்கு வாங்க அண்ணாச்சி. ஓடைக்கரையில உக்காருவோம்," என்றாள் ஜெசிந்தா.

மறுநாள் விடியுமுன்னே இருவரும் புதருக்குள் ஒரு பச்சைத் துணிக் கூடாரத்தில் முடங்கினார்கள். எதிர்க்கரைப் பாறையிடுக்கில் ஒரு சிறுத்தை குட்டி போட்டிருந்தது. அந்த இடம் பத்திரமில்லை என்று தோன்றியதோ என்னவோ, குட்டிகளை ஒவ்வொன்றாக இந்தப் பக்கம் கொண்டுவந்து சேர்த்துக்கொண்டிருந்தது. மிச்சம் ஒன்றுதான்.

"பேச்சு கிடையாது. இருமல் கிடையாது. அது பாட்டுக்குப் போகட்டும்," என்றாள் ஜெசிந்தா.

வெயில் பாறையில் ஏறும் நேரத்தில் சிறுத்தை வந்தது. வாயில் குட்டி. ஓடையின் நடுப்பாறைக்கு ஒரே தாவல். கோமதிநாயகம் கேமராவில் கண்ணைப் பதித்தார். ஆனால் அது தலையைத் தாழ்த்தி அடுத்த பாறையை அளந்துகொண்டிருந்தது. இன்னொரு தாவலில் போய்விடும். மறுபடியும் முதுகுதான்.

நிமிரேன் தாயே, ஒரே ஒரு தடவை.

அவர் நினைத்துச் செய்யவில்லை. நாக்கு தனக்குப் பழகிய வேலையைச் செய்துவிட்டது.

ட்ளக்.

சிறுத்தை நிமிர்ந்து அவரை நேருக்கு நேர் பார்த்தது. அவர் விரல் அழுத்தியது.

அடுத்த நொடி பாறையில் சிறுத்தை இல்லை. குட்டி மட்டும் கிடந்தது.

கண்கூடச் சரியாகத் திறக்காத குட்டி. கத்திக்கொண்டே ஈரப்பாறையில் சுற்றிச் சுற்றி ஊர்ந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் விளிம்பை நெருங்கியது. கீழே தண்ணீர் வேகமாகப் போய்க்கொண்டிருந்தது.

எழப்போனவரின் மணிக்கட்டை ஜெசிந்தா பிடித்தாள்.

"தண்ணியில விழுந்துரும் மேடம்," என்றார் மூச்சுக்குள்ளேயே.

"விழலாம்."

"போயி ஒரு எட்டுல தூக்கிக் கரையில வச்சிட்டு வந்திருதேன்."

"நீங்க தலையக் காட்டினா தாய் திரும்பி வராது. அப்புறம் யாரு பால் குடுப்பா? நீங்களா?"

"அப்ப என்னதான் செய்ய?"

"இல்லாத மாதிரி இருங்க."

மண்டபத்துக்குள் நுழைந்தாலே நாலு பேரை நகரச் சொல்லிப் பழகிய மனிதர். இல்லாத மாதிரி இருக்க அவரிடம் யாரும் இதுவரை சொன்னதில்லை.

கால் மரத்துப்போனது. கழுத்தில் கட்டெறும்பு கடித்தது. குட்டியின் குரல் தேய்ந்துகொண்டே வந்தது. மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றாரே, அதற்குப் பிறகு அவர் இப்படிப் பயந்ததே இல்லை. நாக்கைப் பல்லுக்கிடையில் வைத்துக் கடித்துக்கொண்டார்.

குட்டியின் பின்கால் ஒன்று விளிம்பைத் தாண்டி வழுக்கியது.

அப்போது கரையோரப் புல் அசைந்தது. வயிறு தரையில் உரச, சிறுத்தை வந்தது. நடுப்பாறைக்குத் தாவி, குட்டியின்மேல் குனிந்து மோந்து பார்த்தது. கேமரா அவர் கண்ணுக்கு நேராகத்தான் இருந்தது. முகம் முழுசாகத் தெரிந்தது. இப்படி ஒரு முகத்துக்குத்தான் அவர் ஊரை விட்டு வந்திருந்தார்.

விரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

சிறுத்தை குட்டியின் பிடரியைக் கவ்வி, கரைக்குத் தாவிப் புல்லுக்குள் மறைந்தது. அதன்பிறகும் வெகுநேரம் இருவரும் அசையவில்லை.

ஜீப்புக்கு நடந்து வரும் வழியில், எடுத்த படத்தை ஜெசிந்தாவிடம் காட்டினார். கொஞ்சமும் அசங்காத படம். மீசை மயிர்கூடத் துல்லியமாக விழுந்திருந்தது. வாயில் குட்டி. கண் இரண்டும் அவரையே பார்த்தன.

"முகம் கெடச்சிட்டு மேடம்," என்றார். "ஆனா என்னால இதப் பாக்க முடியல. உங்க படத்துல இருக்கிறது இதுல இல்லையே, ஏன்?"

ஜெசிந்தா கேமராவை அணைத்து அவர் கையில் கொடுத்தாள்.

"எங்க வீட்டுச் சுவத்துல எதாவது ஒண்ணு என்னப் பாக்குதா, அண்ணாச்சி?"