பதினோராம் நாள் வந்த அழைப்பு

கதை முடிகிற இடத்தில் ஒரு கேள்வி கேட்பேன். பதில் சொல்லாமல் நழுவப் பார்க்கிறவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம்.

கோவில்பட்டியில் மூன்று பேர் சேர்ந்து ஓர் அறக்கட்டளை நடத்தினார்கள். காலில் இரத்தம் உறைந்து கட்டியாகும், அது நுரையீரலுக்கு ஏறினால் ஆளையே கொண்டுபோகும் என்று ஊருக்கு எடுத்துச் சொல்வதுதான் அவர்கள் வேலை. தலைவி மரியபுஷ்பம், மாவுக்கட்டுப் போட்டுப் படுத்திருந்த கணவனை இப்படித்தான் ஒரே காலையில் பறிகொடுத்தவள். அடுத்தவள் ஓய்வுபெற்ற நர்ஸ் ஜைனபு. செயலாளர் சங்கரலிங்கம் பழைய தலைமையாசிரியர். பஸ் ஸ்டாண்டில் அவர் மைக்கைப் பிடித்தாரானால் பஸ்ஸே நின்று கேட்கும்.

உதவி கேட்டுப் பேசுகிறவர்களுக்கென்று ஒரு செல்போன் இருந்தது. அது மூவர் கையிலும் முறை வைத்துச் சுற்றும். ஒருமுறை, போனில் பேசிய பெண்ணின் வீட்டுக்கு ஜைனபு நேராக ஆம்புலன்ஸை அனுப்பிவிட்டாள். வீட்டு விஷயத்தை வெளியே சொன்னாயா என்று அந்தப் பெண்ணுக்குத்தான் அடி விழுந்தது. வந்த வண்டியும் வெறுமனே திரும்பியது. அன்றைக்கே சங்கரலிங்கம் ஒரு விதி எழுதிச் சுவரில் ஒட்டினார். பேர் கேட்கக் கூடாது, திருப்பி அழைக்கக் கூடாது, கேட்டதை வெளியே விடக் கூடாது. மீறியவர் போனைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. போன் மரியபுஷ்பத்திடம் இருந்தது. பேசியது சின்னக் குரல், பேசுகிறாளா அழுகிறாளா என்றே தெரியவில்லை. ஆபரேஷன் செய்து குழந்தை பிறந்து பதினொரு நாள் ஆகிறதாம். இடது கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சிவந்து கொதிக்கிறதாம். மாமியார் நல்லவர்தான், சுடச்சுட எண்ணெய் வைத்து மூன்று வேளையும் நீவிவிடுகிறாராம். நீவுகிறார் என்று கேட்டதும், இனிமேல் காலைத் தொடவே விடாதே என்றாள் மரியபுஷ்பம். கட்டி நகர்ந்துவிட்டால்? உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொல்லு என்றாள்.

"யாருக்கும் தெரியக் கூடாதுக்கா. தெரிஞ்சா மாமா மானம் போயிரும். சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க."

போனை வைத்துவிடுவாளோ என்ற பயத்தில் மரியபுஷ்பமும் சத்தியம் செய்துவிட்டாள். அப்புறமும் அந்தப் பெண் போனை வைக்கவில்லை. "காலையிலருந்து மூச்சு பாதியிலயே நின்னு நின்னு வருதுக்கா" என்றாள்.

அந்த நேரம் பார்த்து, போனில் பேசியவளுக்குப் பின்னால் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, மரியபுஷ்பத்துக்குப் பழகிய ஓர் ஆண்குரல் கணீரென்று கேட்டது. தாய்மார்களே, காலில் வீக்கமா, தேய்க்காதீர்கள், நீவாதீர்கள் என்றது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குப் பேச்சை உருப்போட்டுக்கொண்டிருந்தார் சங்கரலிங்கம். போனில் பேசியவள் அவருடைய மருமகள் வடிவு. வீட்டில் கட்டுக்கட்டாய்க் கிடந்த நோட்டீஸில் நம்பரைப் பார்த்திருக்கிறாள். போன் அத்தோடு அறுந்துபோனது.

ஊருக்குத்தான் உபதேசம் என்று சிரிக்கத் தோன்றும். சிரிக்காதீர்கள். அவள் பெற்றவள் இல்லாத பெண், கணவன் மஸ்கட்டில். பிள்ளை பெற்றவள் படுத்திருக்கும் அறைக்குள் பதினாறு நாள் கழியாமல் அந்த வீட்டு ஆண்பிள்ளை காலெடுத்து வைப்பதில்லை. அவருக்கு எப்படித் தெரியும்?

மரியபுஷ்பம் ஜைனபுவிடம் ஓடினாள். பேரை மட்டும் விட்டுவிட்டு நடந்ததைச் சொன்னாள். சத்தியமாவது ஒன்றாவது, வீடு தெரியுமென்றால் இந்த நிமிஷமே போய்ப் போட்டு உடை என்று ஜைனபு கத்தினாள். மரியபுஷ்பத்துக்கு அன்று அடிவாங்கிய பெண்ணின் முகம் கண்முன் வந்தது. கணவனின் முகமும் வந்தது. இரண்டு பயத்துக்கும் நடுவில் அவளுக்கு ஒரு வழி தோன்றியது. குழந்தை பார்க்கப் போகிற மாதிரிப் போவது, காலைத் தன் கண்ணாலேயே பார்த்ததாகச் சொல்லிவிடுவது. சத்தியமும் பிழைக்கும், பெண்ணும் பிழைப்பாள். வெறுங்கையோடு போனால் சந்தேகம் வருமே என்று கடைக்குப் போய்ச் சின்னச் சட்டை ஒன்று வாங்கிக்கொண்டாள்.

ஆனால் மாமியார் ஆவுடையம்மாள் குழந்தையை மட்டும்தான் கூடத்துக்குத் தூக்கிவந்து காட்டினாள். தாயையும் பார்க்க வேண்டும் என்றதற்கு, அசந்து தூங்குகிறாள், பதினாறு கழியட்டும் என்றாள். சங்கரலிங்கம் பேச்சுத்தாளோடு சிரித்துக்கொண்டே வந்தார். உள்ளே வடிவு இருமினாள். இருமல் நிற்கவேயில்லை. கணவனின் கடைசிக் காலையில் மரியபுஷ்பம் கேட்ட அதே இருமல். அவள் சங்கரலிங்கத்தின் பக்கம் திரும்பினாள்.

"சார், உங்க மருமக எனக்குப் போன் பண்ணினா. கால் வீங்கியிருக்கு. மூச்சு வரல."

அந்த மனிதர் பதினாறையும் பார்க்கவில்லை, பதினெட்டையும் பார்க்கவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு போய் மருமகளைத் தூக்கிவந்து காரில் கிடத்தினார். கட்டி நுரையீரலுக்கு ஏறிவிட்டது, இன்னும் அரைமணி போயிருந்தால் கையை விரித்திருப்போம் என்றார் டாக்டர்.

வடிவு பிழைத்துக்கொண்டாள். அவளுக்கு ஆபத்து நீங்கிய அன்று சங்கரலிங்கம் மரியபுஷ்பத்தைக் கையெடுத்துக் கும்பிட்டு அழுதார். அழுது முடித்துவிட்டு, "விதி விதிதாம்மா. போனைக் கொடுத்திருங்க" என்று கையை நீட்டினார். நம்மாளுக்காக மீறினோம் என்று தெரிந்தால் நாளைக்கு எந்தப் பெண் நம்பிப் பேசுவாள் என்பது அவர் வாதம். பத்து மணிக்கே உடைத்திருக்க வேண்டிய சத்தியம், அதற்குத் தண்டனை வேறா என்று ஜைனபு சண்டைக்கு வந்தாள். முடிந்தவரை காத்தேன், முடியாதபோது உடைத்தேன், இதில் என்ன தப்பு என்று மரியபுஷ்பம் மனசுக்குள் கேட்டுக்கொண்டாள்.

உடனே உடை என்ற ஜைனபு, காக்கப் பார்த்து உடைத்த மரியபுஷ்பம், உயிர் மீண்ட பிறகும் விதியை விடாத சங்கரலிங்கம். சொல்லுங்கள், இந்த மூவரில் யார் பக்கம் நியாயம்?

விடை: ஜைனபு பக்கம்தான். வடிவு சத்தியம் வாங்கியது கால்வீக்கத்துக்கு. வாங்கிய பிறகும் போனை வைக்காமல் மூச்சைப் பற்றிச் சொன்னாளே, அது காப்பாற்று என்று கேட்டதுதான். விதியோ பேசுகிற பெண்ணை அடியிலிருந்து காக்க வந்தது, அந்த வீட்டில் அடி விழாது என்று மரியபுஷ்பத்துக்கு நன்றாகவே தெரியும். யோசிக்க யோசிக்க அவளுக்கே இது விளங்கியது. மறுபேச்சில்லாமல் போனைக் கொடுத்துவிட்டாள், ஆனால் சத்தியத்தை உடைத்ததற்காக இல்லை. அன்று கடைக்காரர் மஞ்சளும் நீலமுமாய் இரண்டு சட்டையை எடுத்துப் போட்டபோது, எது குழந்தைக்கு எடுப்பாக இருக்கும் என்று அவள் நின்று யோசித்திருந்தாள். அதை இன்றுவரை அவள் யாரிடமும் சொல்லவில்லை.