பட்டுப்பூச்சியின் நான்கு சன்னல்கள்

அந்தக் காலத்தில் பூச்சிகள் பேசினால் மனிதர்கள் நின்று கேட்பார்கள். தென் அமெரிக்க மலைக்காடு ஒன்றின் ஓரத்தில் இல்யாரி என்பவள் தன் மகள் சிசாவோடு வசித்தாள். சிசாவுக்கு எதையும் கிட்டே போய்ப் பார்த்தாக வேண்டும்.

ஒருநாள், குரங்கு ஒன்று எதைத் தின்கிறது என்று பார்க்க அதன் பின்னாலேயே போய் வழி தவறிவிட்டாள். வானம் கறுத்து ஆலங்கட்டி மழை பிடித்துக்கொண்டது. சிசா ஒரு மரத்தடியில் சுருண்டு அழுதாள்.

மரத்தில் ராட்சசப் பட்டுப்பூச்சி ஒன்று இருந்தது. அப்போது அவை முறம் அளவு பெரியவை. அது இறங்கி வந்து இறகுகளை விரித்துச் சிசாவை மூடிக்கொண்டது. இறகின் மேல் ஆலங்கட்டிகள் தடதடவென்று விழுந்தன.

"வலிக்குதா?" என்றாள் சிசா.

"பேசாமல் இரு."

அப்போது தூரத்தில் இல்யாரியின் குரல் கேட்டது.

"அம்மா! எந்தப் பக்கம் போகிறாளோ, எனக்கு ஒன்றுமே தெரியவில்லையே!" என்று இறகுக்குள்ளிருந்து தவித்தாள் சிசா.

"தலையை நீட்டாதே. மண்டை உடைந்துவிடும்."

"ஆற்றுப் பக்கம் போனால் வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விடுமே!"

பூச்சி ஒரு கணம் தயங்கியது. இறகின் செதில் ஒருமுறை உதிர்ந்தால் திரும்ப முளைக்காது. பிறகு தன் காலாலேயே நான்கு இறகுகளின் நடுவிலும் செதிலைச் சுரண்டித் தள்ளியது. அந்த இடம் கண்ணாடிபோல் தெளிந்தது.

அதன் வழியே அம்மா தெரிந்தாள். ஆற்றங்கரைச் சேற்றில் ஒரு காலை வைத்துவிட்டிருந்தாள்.

"அம்மா, இங்கே! திரும்பு!"

இல்யாரி திரும்பி ஓடிவந்தாள். அவள் கால் வைத்த கரை பின்னால் சரிந்து விழுந்தது.

மழை விட்டதும் பூச்சி மரத்துக்குப் பறந்துவிட்டது. நன்றி சொல்ல இருவரும் நிமிர்ந்தால், மரம் முழுக்க ஒன்றுபோலவே பழுப்புப் பூச்சிகள்.

"இதில் எதுடி?"

சிசா வெயிலுக்கு எதிரே போய் நின்று அண்ணாந்து பார்த்தாள். ஒன்றின் இறகில் மட்டும் வெளிச்சம் ஊடுருவியது.

"அசிங்கமாகிவிட்டேன். பார்க்காதே" என்றது பூச்சி.

"நான் பிழைத்ததே அதனால்தான்" என்று இல்யாரி அதைக் கையில் ஏந்திக்கொண்டாள்.

அதன் வம்சத்துக்கும் இறகில் அதே நான்கு சன்னல்கள் வந்தன. அன்று முதல்தான், எத்தனை பழுப்புப் பூச்சிகள் கலந்திருந்தாலும், இறகை வெயிலில் பார்த்தே அந்த இனத்தைக் கண்டுபிடிக்கிறார்கள்.