அமெரிக்காவில் பாக்ஸிங்கைக் காலி பண்ணினவர்

ராயபுரத்தில் முனிரத்தினம் சலூனுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் போனால், தேசப்பன் அண்ணன் பேசி முடிக்கிற வரைக்கும் உங்கள் முறை வராது. கப்பலில் இருபது வருஷம் சமையல் வேலை பார்த்தவர். ஆனால் சமைத்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார். வாயைத் திறந்தால் பாக்ஸிங்தான்.

போன வாரம் நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது பாக்ஸிங் கிளப் செயலாளர் டில்லிபாபு உள்ளே வந்தார். கையில் அடுத்த வாரப் போட்டிக்கான நோட்டீஸ். சிறப்பு விருந்தினர் என்று போட்டிருந்த இடம் காலியாக இருந்தது. வருவதாகச் சொன்னவர் கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டாராம், மதியத்துக்குள் அச்சகத்தில் வேறு பெயர் கொடுக்க வேண்டுமாம். முகம் முழுக்க சோப்பு நுரையோடு இருந்த தேசப்பன், கண்ணாடி வழியாகவே அந்தக் காலி இடத்தைப் பார்த்துவிட்டார். மேடையில் நாற்காலி, தோளில் சால்வை, தெருவெல்லாம் போஸ்டரில் பெயர். மனுஷன் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

“டில்லி, அமெரிக்காவுல குத்து வுட்ட ஆளு நம்ம ராயபுரத்துல ஒருத்தன்தான் கீறான். தெரியும்ல?”

“அமெரிக்காவுல இப்போ யாருண்ணே பாக்ஸிங் பாக்குறாங்க?” என்று நான் வாயைக் கொடுத்தேன். “பேப்பர்ல போட்டிருந்தான். ஜனமெல்லாம் பந்து வெளையாட்டுப் பக்கம் போயிடுச்சாம்.”

மடக்கிவிட்டதாகத்தான் நினைத்தேன். அவர் அசரவில்லை.

“ஏன் போச்சுன்னு எயுதுனானா? எயுத மாட்டான். நான்தான் காரணம்.”

முனிரத்தினம் கத்தியைத் துடைத்து ஓரமாக வைத்தார். இனி ஷேவிங் நடக்காது என்று அவருக்குத் தெரியும்.

“கப்பலு இஞ்சின் ரிப்பேரு. பதினோரு நாளு துறைமுகத்துல நிக்குது. வெங்காயம் வாங்க எறங்குனேன். வழியில ஒரு ஹாலு, உள்ள ரிங்கு. ஏழடி ஆளு ஒருத்தன் ‘எவன் வரான்’னு சவுண்டு வுடறான். பையக் கீழ வெச்சிட்டு ஏறுனேன். லெப்டுல ஒண்ணு வுட்டேன், படுத்துட்டான். இருபதாயிரம் பேரு உக்காந்துகினு கீறாங்க, ஒருத்தனும் பாக்கல.”

“ஏன், கரண்டு போச்சா?” என்றார் முனிரத்தினம்.

“வேகம்பா. கண்ணுக்கு மாட்டல. டிவில மெதுவா ஓட்டிக் காட்டுனான், தெரியல. இன்னும் மெதுவா ஓட்டுனான். பறக்குற ஈ அந்தரத்துல நிக்குது, கொட்டாவி வுட்ட நடுவருக்குத் தொறந்த வாய் தொறந்தபடி கீது. என் கையி மட்டும் அப்பவும் காணோம். ரெண்டாவது ஆளுக்கு நான் குத்தே வுடல. கைய ஓங்குனேன், அந்தக் காத்துலயே வுழுந்துட்டான். முன்வரிசைல உக்காந்தவனுக்கெல்லாம் எடது பக்க வகிடு வலது பக்கம் போயிடுச்சி.”

தொழில் விஷயம் என்பதால் முனிரத்தினத்தால் சும்மா இருக்க முடியவில்லை. “வகிடு அவ்ளோ சுளுவா மாறாது அண்ணாத்தே. நாலு மாசம் படிய வாரணும்.”

“அது உன் சீப்புக்கு. கேளு, மூணாவது ஆளு தலகாணியோடவே வந்தான். ரிங்குல பெட்ஷீட்ட விரிச்சிப் படுத்துகினு, ‘எண்ணுங்க சார்’ன்னான். நாலாவது ஆளு வரவேயில்ல. வூட்லேர்ந்து போன் பண்ணி, ‘நான் இங்கியே வுழுந்துட்டேன்’னான். நடுவரு ரிங்குல நின்னுகினு போன்ல ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்றாரு. டிக்கெட் வாங்கிகினு வந்தவன், ஒரு ஆளு போன் பேசறத எவ்ளோ நேரம் பாப்பான்? ஒவ்வொருத்தனா எந்திரிச்சி பந்து வெளையாட்டுக்குப் போயிட்டான்.”

“ஐம்பது மாகாணத்துலயுமா?” என்றேன்.

“நாப்பத்தொம்போதுல. ஒரு மாகாணத்துல வெங்காயம் வாங்கவே நேரம் சரியாப் போச்சி. கடைசியா ரசிகருங்க துறைமுகத்துக்கே வந்து அயுதாங்க. ‘ஐயா, எங்க பாக்ஸிங்க வாழ வுடுங்க’ன்னு. மனசு கேக்கல, கப்பல் ஏறிட்டேன். ஆனா போன ஜனம் போனதுதான், திரும்பல.” சொல்லிவிட்டு டில்லிபாபு பக்கம் திரும்பினார். “பேரப் பெரிசாப் போடுப்பா.”

பெயர் எழுதத் திறந்து வைத்திருந்த பேனாவை டில்லிபாபு மூடினார்.

“அண்ணாத்தே, எங்க போட்டிக்கு வர்றது மொத்தமே நாப்பது பேரு. அதுல பாதி, ஆடுற பசங்களோட மாமன் மச்சான். அம்மாம் பெரிய நாட்டையே காலி பண்ணவர மேடை ஏத்துனா, இந்த நாப்பது பேரும் ஓடிப்பூடுவாங்க. நீ வராத.”

தேசப்பன் முகத்தில் நுரை காய்ந்து இழுத்தது. அவர் இறங்கி வந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

“கொஞ்சம் கூடக் கொறைய சொல்லியிருப்பேன்பா. அவ்ளோ பேரு போகல.”

“எவ்ளோ பேரு போனாங்க?” என்றார் டில்லிபாபு.

தேசப்பன் காய்ந்த நுரையைத் துண்டால் துடைத்துக்கொண்டார். எனக்கே பாவமாகப் போய்விட்டது.

“யாரும் போகல. நான் கப்பல வுட்டே எறங்கல. பதினோரு நாளும் அடுப்பாண்டதான் நின்னேன்.”

“அப்போ நீ பாக்ஸிங்கே ஆடல. உன்ன எதுக்குக் கூப்புடறது?” டில்லிபாபு மறுபடி பேனாவைத் திறந்து, சீப்பும் கையுமாக நின்ற முனிரத்தினத்தைப் பார்த்தார். “உன் முழுப் பேரு இன்னா நைனா? உன் கடைக்கு ஒரு தபா வந்தவன் மறுபடியும் வரான். எங்களுக்கு அதான் வோணும்.”