புகை வராத மாளிகை

முன்பு வெண்கரை நாட்டை அகடமாறன் என்றொரு ராஜா ஆண்டான். காலையில் ஒன்று சொல்வான், மாலையில் வேறொன்று சொல்வான், இரண்டுக்கும் சபை கைதட்டும். அதிகம் தட்டுபவர் மாவலிராயர்.

ஒருநாள் ராயர் மூக்கால் முறையிட்டார்: "மன்னா! ஏரிக்கரைப் புறம்போக்கில் குடிசைகள். என் மாடியிலிருந்து ஏரி தெரிவதில்லை. ஒருவரிடமும் பட்டயம் இல்லை!"

"மூன்று நாளில் பட்டயம் காட்டட்டும். இல்லையேல் யானையை விடு!" என்றான் ராஜா.

குடிசைகளின் சார்பில் சிலம்பாயி வந்தாள். "பட்டயம் எப்படியிருக்கும்னே தெரியாதே சாமி. உங்க கோட்டைப் பட்டயத்தைக் காட்டுனா, பாத்து அதே மாதிரி எழுதிக்கிட்டு வாரோம்."

"நியாயம். ராயரே, தேடி எடும்!"

ராயர் மனைவியைப் பிறந்தகத்துக்கும் சமையல்காரரை விடுப்பிலும் அனுப்பிவிட்டு, அரண்மனையிலேயே தின்று தூங்கி மூன்று நாள் தேடினார். கிடைத்தது தும்மல்.

"பிறகு கோட்டை எப்படி எனக்கு வந்தது?" என்றான் ராஜா.

"தங்கள் கொள்ளுப்பாட்டனார் வேட்டைக்கு வந்தார். மழை. கூடாரம் போட்டுச் சோறு பொங்கினார். அப்புறம்... கிளம்பவில்லை," என்றார் ராயர்.

"பக்கத்து ராசாக்க ஒத்துக்கிட்டாங்களா?" என்றாள் கெடு முடிந்து வந்திருந்த சிலம்பாயி.

"ஒத்துக்கொண்டார்கள்."

"எங்க வழக்கமும் அதான் சாமி. அடுப்பு எரியணும், நாலு வீட்டுக்காரங்க 'ஆமா, இவுக இடம்'னு சொல்லணும். அக்கம்பக்கத்துல சொல்லாம மூணு நாள் அடுப்பு அணைஞ்சா, இடம் அடுத்தவங்களுக்கு. இடமில்லாதவங்க வரிசையா கல்லு வச்சிக் காத்திருக்காங்க."

ராஜாவுக்குப் பிடித்துவிட்டது. "இனி நாடு முழுக்க இதுதான் சட்டம்!"

ராயர் பழக்கத்தில் கைதட்டினார்.

"அப்ப ராயர் மாளிகையில மூணு நாளா புகையில்லையே சாமி?"

"நான் இங்கே தேடிக்கொண்டிருந்தேனே!"

"பக்கத்து வீட்டுல சொன்னீகளா?"

பக்கத்து வீட்டுக்காரர்களை அழைத்தார்கள். நால்வரும் ராயரை உற்றுப் பார்த்தார்கள். "மதிலைத் தெரியும். ஆளைத் தெரியாது."

"சட்டம் சட்டம்தான்," என்றான் ராஜா. முதல் கல்லுக்குச் சொந்தக்காரி பூவாயி, மாட்டுக்கொட்டகையில் ஒண்டியிருந்தவள். ஆறு பிள்ளைகளோடு மாளிகையில் பால் காய்ச்சினாள். குடிசைகளை யாரும் தொடவில்லை. சிலம்பாயிக்கு ராஜா பொன்வளையல் தந்தான். ராயருக்கு அவள் ஒரு கல் தந்தாள்: "நாப்பத்திமூணாவது. பத்திரம்."

அன்றுமுதல் ராஜா சமையலறைப் புகையைப் பார்த்துவிட்டுத்தான் சிம்மாசனத்தில் உட்காருவான். ராயரோ ஏரிக்கரையில் வீடு வீடாகக் கும்பிடுகிறார்: "வணக்கம். நான்தான் மாவலி. முகத்தை நன்றாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்."