அக்கரை நாட்டுல அற்பாயுசே கெடயாதாம்

"தாயே, அக்கரை நாட்டுல இப்பல்லாம் யாரும் அற்பாயுசுல சாகுறதே இல்ல. நான் அங்க குடிபோயிரட்டுமா?"

கேட்டவரு உடையப்பன். இக்கரை ராசாவுக்குச் சாவுக் கணக்கு ஓலை எழுதுறவரு. வயசு அம்பத்தொம்போது. வர்ற ஐப்பசியில அறுபதாங்கல்யாணம்.

அவுக வம்சத்துல அதப் பாத்த ஆம்பளயே கெடயாது. அப்பன் அம்பத்தேழுல போனாரு. பெரியப்பன் அம்பத்தெட்டு. சித்தப்பன் ஒருத்தரு மொத நாள் வரைக்கும் வந்துட்டாரு. பந்தல் உறுதியா இருக்கான்னு மேல ஏறிப் பாத்தாரு. பந்தல் உறுதியாத்தான் இருந்துச்சு. ஏணிதான் சரியில்ல.

மணல்மேட்டம்மா கடலை வறுத்துக்கிட்டு இருந்தா. ரெண்டு நாட்டுக்கும் நடுவுல ஆறு, ஆத்துக்கு நடுவுல மணல்மேடு, அதுலதான் அவ குடிசை. உடையப்பனுக்கு இருபது வயசு எளையவ. வந்தவுகளுக்குக் கடலை குடுப்பா. புத்தி சொல்றது மட்டும் அபூர்வம்.

"யாருய்யா சொன்னா?"

"என் காதுதான் தாயே."

ரெண்டு நாட்டுலயும் ஒரே வழக்கம். வாழ்ந்து முடிச்சவுக செத்தா கல்யாணச்சாவு. மேளம், ஆட்டம், பேரப்புள்ளைக நெய்ப்பந்தம் புடிக்கும். பாதியில போனவுகளுக்கு மேளம் இல்ல. சங்கு மட்டும்.

உடையப்பன் இருபது வருசமா ஆத்தங்கரையில உக்காந்து ரெண்டு பக்கத்துச் சத்தத்தையும் ஓலையில குறிச்சாரு. ஒரு தடவ எரும ஒண்ணு ஒரு வருசத்து ஓலையத் தின்னுருச்சு. அது பெரிய கதை. எருமைக்குப் பேதி மருந்து குடுத்தும் ஓலை திரும்பல.

"ஆரம்பத்துல ரெண்டு நாட்டுலயும் நூறு சாவுக்கு அறுபது சங்கு தாயே. இப்ப நம்ம பக்கம் அம்பது. அந்தப் பக்கம் எவ்ளோங்கற? அஞ்சே அஞ்சு!"

"தண்ணி வாகோ?"

"ஒரே ஆறுதானே."

"வைத்தியரு கெட்டிக்காரரோ?"

"அவரே வயித்துவலிக்கு நம்ம ஊருலதான் வந்து மருந்து வாங்குறாரு."

"சரிதான்."

"வெள்ளிக்கெழம ராசாகிட்ட ஓலையப் படிக்கணும். அங்க என்ன செய்றாகளோ அதையே இங்கயும் சட்டமாப் போடுறேன்னுட்டாரு."

அவ ஒரு கை கடலைய அள்ளி, அவரு கூட வந்த மக செவந்தி மடியில போட்டா. செவந்திக்குப் பன்னெண்டு வயசு. தவமிருந்து பெத்த ஒத்தப் புள்ள. உடையப்பன் பொண்டாட்டி பேச்சாயி வரல. "நீரு போயி உசுரோட இருக்கீரான்னு சொல்லி அனுப்பும். அப்பறம் வாரேன்"னுட்டா.

"புள்ளையோட ஒரு நடை போய்ப் பாத்துட்டு வாய்யா" அப்படின்னா மணல்மேட்டம்மா.

போனாரு.

எறங்குன எடத்துலயே கல்யாணச்சாவு மேளம்! ஊரே ஆடுது. உடையப்பனுக்குக் கையும் காலும் நிக்கல. வேட்டிய மடிச்சுக் கட்டிட்டு அவரும் ரெண்டு சுத்து ஆடுனாரு.

மேளக்காரன் காதுல கத்துனாரு: "பாட்டிக்கு வயசு தொண்ணூறு இருக்குமா தம்பி?"

"முப்பத்திரெண்டுண்ணே!"

தூக்குன காலு தூக்குனபடியே நின்னுச்சு.

"முப்பத்திரெண்டு எப்புடிய்யா கல்யாணச்சாவு?"

"பேரனப் பாத்துட்டால்ல? பேரனப் பாத்தா நெறஞ்ச ஆயுசு. முன்ன எங்களுக்கும் உங்க ஊரு மாதிரி அறுபது வயசுதான் கணக்கு. சங்குச் சத்தம் எங்க ராசாவுக்குத் தலவலி. அறுபதத் தூக்கிட்டுப் பேரன்னாரு. அப்பறம் பொண்ணுக கல்யாண வயசக் கொறச்சாரு. பதினெட்டு, பதினாறு, பதினாலு, இப்பப் பன்னெண்டு... கொறைக்கக் கொறைக்க சங்கும் கொறஞ்சிருச்சு!"

உடையப்பன் எட்டிப் பாத்தாரு. நெய்ப்பந்தம் புடிக்கிற பேரன் நாப்பது நாள் புள்ள. இன்னும் தல நிக்கல. ஒருத்தன் அதோட குட்டிக் கைய மூடிப் பந்தத்தோட சேத்துப் புடிச்சிருந்தான். பக்கத்துல பேரனோட அம்மா, செத்தவளோட மக. பதினாறு வயசு இருக்கும். வாயில முந்தானைய அடச்சுக்கிட்டு நிக்கிறா.

"அழுவாத புள்ள. கல்யாணச்சாவுக்கு அழுவக்கூடாது" அப்படின்னா ஒருத்தி.

மேளக்காரன் விடல. "உங்களுக்கு வயசு என்னண்ணே?"

"அம்பத்தொம்போது."

"பேரன்?"

"இல்ல."

"அய்யய்யோ, பச்சப்புள்ள! ஏய், இவர வெயில்ல நிக்க விடாதீங்கப்பா!"

ஒருத்தி ஓடிப்போயி பால் கொண்டாந்தா. இன்னொருத்தி மொளகா சுத்திப் போட்டா. "இங்க செத்துகித்து வச்சிராதய்யா, ஒரு சங்கு கூடிரும்"னு ஒருத்தன் கையெடுத்துக் கும்பிட்டான்.

அப்பத்தான் அவுக கண்ணு செவந்தி மேல விழுந்துச்சு.

"கையில மருந்த வச்சுக்கிட்டா அலையிறீரு? இந்தப் புள்ளைக்கு ஆவணியில முடிச்சிரும். ரெண்டே வருசம். அப்பறம் நீரு எப்ப வேணா சாவலாம், கவலையே இல்ல!"

செவந்தி அவரு கையப் புடிச்சா. "எனக்குக் கல்யாணம் ஆனா நீ அற்பாயுசுல போவமாட்டியாப்பா? அப்பன்னா பண்ணிக்கிறேன்."

உடையப்பன் அவளத் தூக்கித் தோள்ல போட்டுட்டு ஓடுனாரு. பன்னெண்டு வயசுப் புள்ளயத் தூக்கிட்டு, அம்பத்தொம்போது வயசு ஆளு. ஒரு செருப்பு சேத்துல போச்சு. திரும்பிப் பாக்கல.

மணல்மேட்டுல வந்து தொப்புன்னு உக்காந்தாரு. மூச்சு வாங்குச்சு.

"தாயே, வெள்ளிக்கெழம ராசாகிட்ட நான் என்னத்தச் சொல்லுவேன்? இருபது வருசத்து ஓலையும்..."

அவ கூரையில சொருவியிருந்த சங்க எடுத்து அவரு மடியில வச்சா.

இருபது வருசம் சங்கு கேட்ட மனுசனுக்கு ஊதத் தெரியாது. மொத ஊதுல காத்து. ரெண்டாவதுல எச்சி. செவந்திக்குச் சிரிப்பு வந்துருச்சு.

மூணாவது, அக்கரையப் பாத்து நின்னு ஊதுனாரு. ஆறு முழுக்கக் கேட்டுச்சு.

அங்க மேளம் தடுமாறி நின்னுச்சு.

அப்பறம் தண்ணி மேல ஒரு சத்தம் வந்துச்சு. பதினாறு வயசுப் பொண்ணு ஒருத்தி, அம்மான்னு வாய்விட்டுக் கதறுற சத்தம்.

மணல்மேட்டம்மா கடலையக் கிண்டிக்கிட்டே சொன்னா:

"இப்ப எழுதுய்யா."